மொட்டைமாடி மராமத்து: பணி நிறைவு அறிக்கை

அன்புள்ள உறுப்பினர்களுக்கு வணக்கம்.

நமது குடியிருப்பின் மொட்டைமாடி வேலை முடிந்தது. தண்ணீர் தேக்கிப் பார்த்த சோதனையிலும் தளம் தேறிவிட்டது. பொதுக்குழு ஒப்புதல் தந்த தொகைக்குள்தான் செலவு நின்றிருக்கிறது. எதைப் பெயர்த்தோம், எதைப் போட்டோம், பணம் எங்கே போனது, இனி மாடியில் எதைச் செய்யக்கூடாது என்பதை எல்லா வீட்டாரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒழுகியது நான்காவது மாடியில்தான் என்றாலும் மாடி 16 வீட்டுக்கும் பொதுச் சொத்து.

1997-இல் கான்கிரீட் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து சராசரியாக 3 அங்குலத்துக்கு வெதரிங் கோர்ஸ் (வெயில், மழையிலிருந்து தளத்தைக் காக்கும் அடுக்கு) போட்டு, அதன் மேல் தட்டோடு பதித்திருந்தார்கள். சென்னையில் அந்தக் காலத்து அடுக்குமாடிகள் பலவற்றிலும் இதே முறைதான். நல்ல முறை, ஆனால் ஓட்டு இணைப்புகளை அவ்வப்போது அடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இணைப்பு விட்டுப்போனால் தண்ணீர் ஜல்லிக்குள் இறங்கித் தங்கிவிடும். மழை விட்டு ஒரு வாரம் கழித்தும் படுக்கையறைக் கூரையில் சொட்டுவதற்குக் காரணம் இதுதான். இறங்கிய தண்ணீர் கான்கிரீட்டின் மேலேயே ஓடி, விரிசல் எங்கே இருக்கிறதோ அங்கே கீழே வரும். அதனால் கூரையில் ஈரம் தெரியும் இடத்துக்கு நேர் மேலே மட்டும் ஓடுகளைப் பெயர்த்துப் பூசுவதில் பயனில்லை.

வந்த கொட்டேஷன்களில் மிகக் குறைவானது, பழைய ஓட்டின் மேலேயே ரப்பர் பெயின்ட் அடிப்பதற்கானது. அதைச் செயற்குழு ஏற்கவில்லை. உள்ளே ஜல்லி ஈரமாக இருக்கும்போது மேலே மூடினால், கோடை வெயிலில் அந்த ஈரம் ஆவியாகிப் பெயின்ட்டை மேல்நோக்கித் தள்ளும். முதலில் கொப்புளம் வரும், பிறகு தோலாக உரியும். பழையதை முழுவதும் பெயர்த்துவிட்டுப் போடுவது ஒன்றே வழி என்று முடிவு செய்தோம்.

வடகிழக்குப் பருவமழைக்கு வெகு முன்பே முடியவேண்டும் என்பதால் பிப்ரவரியில் தொடங்கினோம். 4,600 சதுர அடியையும் ஒரே நேரத்தில் திறந்து போடாமல் இரண்டு பாதியாகப் பிரித்துக்கொண்டோம். கோடை மழை வந்தால் மூடத் தார்ப்பாய் மேலேயே இருந்தது. பெரிய பிரேக்கரை (கான்கிரீட் உடைக்கும் இயந்திரம்) அனுமதிக்கவில்லை. அதன் அதிர்வில் கீழே இருக்கும் நல்ல கான்கிரீட்டும் விரிசல் விடும். கை உளியும் சிறிய பிரேக்கரும் மட்டுமே பயன்பட்டன. பெயர்த்தெடுத்த ரப்பீஷ் (கட்டடக் கழிவு) 20 யூனிட்டுக்குச் சற்று மேல்; ஒரு யூனிட் என்பது 100 கன அடி. அதை மாடியில் ஓரிடத்தில் குவிக்க விடாமல் அன்றன்றே இறக்கச் சொன்னோம்.

பெயர்த்துக் கழுவிய பிறகு தளத்தின் உண்மை நிலை தெரிந்தது. ஐந்து இடங்களில் கம்பி துருப்பிடித்து உப்பி, கான்கிரீட்டைத் தள்ளியிருந்தது. துருவுக்குக் கம்பியைவிட அதிக இடம் தேவை; அந்த அழுத்தம்தான் காரையை உடைக்கிறது. இந்த இடங்களில் மேலே சிமென்ட் தடவி மறைப்பதால் எதுவும் நிற்காது. துரு இல்லாத கம்பி கண்ணில் படும் வரை இருபுறமும் வெட்டி, கம்பியின் அடியிலும் 20 மி.மீ. இடைவெளி எடுத்து, கம்பி பிரஷ்ஷால் பளிச்சென்று தேய்த்து, துத்தநாக பிரைமர் பூசி, பாலிமர் கலவையைப் படலம் படலமாக அடைத்தோம். கம்பி கால்பங்குக்கு மேல் அரிக்கப்பட்டிருந்த இரண்டு இடங்களில் 8 மி.மீ. கம்பியை இருபக்கமும் 400 மி.மீ. மேற்பொருந்தும்படி கூடுதலாகக் கட்டினோம். மயிரிழை விரிசல்களை 'வி' வடிவில் வெட்டி அடைத்தாயிற்று.

மாடி நடுவில் ஒழுகுவது குறைவு, ஓரங்களில்தான் அதிகம். கைப்பிடிச்சுவரும் தளமும் வெயிலில் வெவ்வேறு அளவில் விரிவதால் சேரும் மூலையில் பிளவு விழுகிறது. அங்கே 50 மி.மீ. அளவுக்குச் சாய்வாகக் கலவை கட்டி, இழை வலை பதித்து, வாட்டர்ப்ரூஃப் பூச்சைச் சுவரில் ஓர் அடி உயரம் ஏற்றியிருக்கிறோம். மழைநீர் வாய்கள் ஆறும் முன்பு 75 மி.மீ. குழாய், இலை ஒன்று அடைத்தாலே குளம் கட்டும். இப்போது ஆறும் 110 மி.மீ. ஒவ்வொரு வாயைச் சுற்றியும் ஒன்றரை அடிச் சதுரத்துக்குப் பள்ளமாக்கியிருக்கிறோம்.

பூச்சு இரண்டு கோட். முதல் கோட்டுக்குக் குறுக்காக இரண்டாவது. இதில்தான் பொருளைக் குறைத்து நீரைக் கூட்டும் வழக்கம் உண்டு. ஒரு சதுர மீட்டருக்கு ஒரு கோட்டுக்குச் சுமார் 1 கிலோ வேண்டும். சுவர் ஏற்றம் சேர்த்து 4,900 சதுர அடி, அதாவது சுமார் 455 சதுர மீட்டருக்கு 910 கிலோ; ஒரு பையும் ஒரு கேனும் சேர்ந்த 15 கிலோ செட் என்றால் 61. காலி பைகளையும் கேன்களையும் எண்ணி 61 இருந்த பிறகே பில் பாஸ் ஆனது. மற்ற குடியிருப்புகளும் இப்படி எண்ணிப் பார்க்கும் வழக்கத்தைப் பின்பற்றலாம்.

பூச்சு ஏழு நாள் உலர்ந்ததும் வாய்களை அடைத்து, 2 அங்குலத் தண்ணீரை 72 மணி நேரம் நிறுத்தினோம். முதல் பாதியில், மேல்நிலைத் தொட்டியிலிருந்து இறங்கும் குழாய் தளத்தைத் துளைக்கும் இடத்தில் மட்டும் கசிவு தெரிந்தது. குழாயைச் சுற்றி வெட்டி, சுருங்காத கிரௌட் (இடைவெளியை நிரப்பும் கலவை) ஊற்றி, பூச்சைக் குழாயின் மேல் ஏற்றி, மறுபடி தேக்கிப் பார்த்து, கீழே ஈரமில்லை என்று உறுதியான பிறகே அடுத்த வேலைக்கு அனுமதி தரப்பட்டது. டைல் பதித்தபின் இது தெரிந்திருந்தால் டைலை உடைத்திருக்க வேண்டும்.

அடுத்து வாட்டத்துக்கான, அதாவது தண்ணீர் வாய்க்கு ஓடும்படியான சரிவுக்கான காரை: 100-க்கு 1 வாட்டம், வாயருகே 40 மி.மீ., மேட்டில் 100 மி.மீ. மூன்று மீட்டர் சதுரங்களாகப் பிரித்துப் போட்டு, பாத்தி கட்டி ஏழு நாள் நீராற்றினோம். மேலே, வெயிலின் சூட்டைத் திருப்பிவிடும் வெள்ளை கூல் ரூஃப் டைல். ஒவ்வொரு டைலையும் தட்டிப் பார்த்து, பொள்ளென்று ஒலித்தவற்றைப் பெயர்த்து மாற்றச் சொன்னோம்.

வேலை நடந்தபோது மழைநீர்க் குழாய்களைச் சாக்கு வைத்து அடைத்திருந்தோம். சிமென்ட் கழிவு ரீசார்ஜ் கிணற்றுக்குள் (மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் கிணறு) போனால் மண்ணின் துளைகள் அடைந்துவிடும். 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது வைத்த ஃபில்டர் தொட்டியின் கூழாங்கல்லையும் மணலையும் எடுத்து மாற்றியிருக்கிறோம். புது மாடியில் பெய்யும் முதல் இரண்டு மழையின் தண்ணீர் கிணற்றுக்குப் போகாமல் வெளியே திருப்பப்படும்.

வரவு செலவு (ரூபாயில்)

பெயர்த்தல், ரப்பீஷ் அகற்றல்: 1,28,800
கம்பி, கான்கிரீட் பழுது: 68,000
வாட்டர்ப்ரூஃப் பூச்சு: 2,35,200
வாட்டக் காரை, டைல்: 4,37,000
மழைநீர் வாய்கள், குழாய்கள்: 74,000
ஃபில்டர் தொட்டி: 22,000
கூட்டுத்தொகை: 9,65,000
ஜி.எஸ்.டி. 18 சதவீதம்: 1,73,700
மொத்தம்: 11,38,700

கார்பஸ் நிதியிலிருந்து (அசோசியேஷனின் இருப்பு நிதி) எடுத்தது 4,00,000. உறுப்பினர்களிடம் வசூலித்தது 7,68,000. நான்கு கிரவுண்டு (9,600 சதுர அடி) மனையில் அவரவர் யூ.டி.எஸ். (பிரிக்கப்படாத மனைப் பங்கு) சதுர அடிக்கு ரூ.80 வீதம், பைலாவின்படி (சங்க விதிகள்). மீதம் 29,300. இதைத் தவிர, ஒப்பந்தக்காரருக்குத் தரவேண்டியதில், ஜி.எஸ்.டி.க்கு முந்தைய கூட்டுத்தொகையில் 5 சதவீதம், அதாவது 48,250, நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. ஆக வங்கியில் இப்போது 77,550 உள்ளது. பில்களும் அளவுப் புத்தகமும் அசோசியேஷன் அறையில் உள்ளன. எந்த உறுப்பினரும் பார்க்கலாம்.

இனி மாடித் தளத்தில் ஒரு துளைகூடப் போடக்கூடாது. ஒரு ஆங்கர் போல்ட் பூச்சைக் கிழித்தால் போதும், ஐந்தாண்டு உத்தரவாதம் அந்த இடத்துக்குச் செல்லாது. டிஷ் ஆண்டெனாக்களுக்கு லிஃப்ட் அறைச் சுவரில் சட்டம் பொருத்தியிருக்கிறோம். சோலார் ஹீட்டர்கள் தனிக் கான்கிரீட் பீடத்தில் நிற்கின்றன. நகர்த்த வேண்டுமானால் செயற்குழுவிடம் எழுதிக் கொடுத்துவிட்டுச் செய்யுங்கள். துணிக்கொடிக் கம்பம் பெயின்ட் டின்னில் கான்கிரீட் ஊற்றி நிறுத்துவதாகவே இருக்கட்டும். பூந்தொட்டிகளை ஸ்டாண்டில் வையுங்கள், வாய்களிலிருந்து தள்ளி வையுங்கள். டைலை ஆசிட் ஊற்றிக் கழுவக்கூடாது. அது இணைப்புக் கலவையை அரித்துவிடும். ஜூன் முதல் டிசம்பர் வரை வாரம் ஒருமுறை ஆறு வாய்களையும் சுத்தம் செய்வது வாட்ச்மேனின் வேலைப் பட்டியலில் சேர்க்கப்பட்டுள்ளது.

நிறுத்தி வைத்த 48,250 ரூபாய், பருவமழை முடிந்து ஜனவரியில்தான் கொடுக்கப்படும். அதற்குள் கூரையிலோ சுவரின் மேல் ஓரத்திலோ ஈரம் தெரிந்தால், நான்காவது மாடியில் இருப்பவர்கள் தேதியுடன் போட்டோ எடுத்து டிசம்பர் 31-க்குள் செயலாளரிடம் தர வேண்டுகிறோம். வாடகைக்கு விட்டிருப்பவர்கள் குடியிருப்பவரிடம் இதைச் சொல்லி வையுங்கள்.

இப்படிக்கு,
செயற்குழு