இலைக் கணக்கு

மஞ்சக்குப்பம், கடலூர்
ஏப்ரல் 19

அன்புள்ள சேகர்,

பொங்கலுக்கு நீ எழுதியதற்கு இன்னும் பதில் போடவில்லை. முதலில் கண்ணில் புரை எடுத்தார்கள், அப்புறம் பேரன் வந்தான், அப்புறம் சோம்பல். மூன்றாவதுதான் உண்மைக் காரணம். அம்மாவுக்கு இடுப்பு வலி தேவலை என்று உன் தம்பி ஓல்ட் டவுனில் பார்த்தபோது சொன்னான். இங்கே எல்லோரும் சௌக்கியம். பாய் கடையை மூடிவிட்டார்கள். அதற்கு நீ வரும்போது சேர்ந்து அழுவோம்.

இப்போது பேனாவை எடுக்க வைத்தது நீ அனுப்பிய பட்டியல். பதினான்கு அமெரிக்கக் கல்லூரிகள், ஒவ்வொன்றின் எதிரே, விண்ணப்பித்தவர்களில் எத்தனை பேரை எடுக்கிறார்கள் என்று ஒரு சதவீதம், சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வண்ணம் வேறு. மஸ்கட்டில் உனக்கு வேலையே இல்லையா? நூற்றுக்கு 40 பேரை எடுக்கும் பச்சைக் கல்லூரி உன் மகள் பாப்பாவை வேண்டாம் என்றுவிட்டது, நூற்றுக்கு 18 பேரை மட்டும் எடுக்கும் மஞ்சள் கல்லூரி வா என்கிறது, இன்னொன்று வெயிட்டிங் லிஸ்டில் போட்டிருக்கிறது. "இது என்னடா நியாயம்" என்று எட்டு நிமிட வாய்ஸ் மெசேஜ். ஆறாவது நிமிடத்தில் அமெரிக்க ஜனாதிபதி வரைக்கும் போய்விட்டாய்.

உனக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று நாலு நாள் உட்கார்ந்து படித்தேன். படித்ததில் ஒரு வேடிக்கை. அவர்கள் 'யீல்ட்' என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். இடம் தருகிறோம் என்று எத்தனை பேருக்குச் சொன்னோம், அதில் எத்தனை பேர் நிஜமாகவே வந்து சேர்ந்தார்கள் என்பது. டேய், கல்லூரி ஆபீஸில் இருபத்திரண்டு வருஷம் நான் செய்த வேலை அதுதான்! அதற்கு இப்படி ஒரு பெயர் இருப்பது ரிட்டயர் ஆன பிறகுதான் தெரிகிறது.

உன் அக்கா கல்யாணத்தை நினைத்துக்கொள். (ரசத்தைப் பற்றிப் பேச வேண்டாம்.) பத்திரிகை எத்தனை பேருக்கு வைத்தோம் என்பது ஒரு கணக்கு, பந்தியில் எத்தனை இலை விழுந்தது என்பது வேறு கணக்கு. சமையல்காரர் முதலாவதைக் கேட்கவே மாட்டார். "எத்தனை இலை?" என்றுதான் கேட்பார். நீ வண்ணம் பூசி வைத்திருப்பது பத்திரிகைக் கணக்குக்கு. கல்லூரிக்காரனுக்குத் தூக்கம் கெடுவது இலைக் கணக்கில்.

ஒரு கல்லூரியில் 1,000 இடம், 20,000 விண்ணப்பம் என்று வை. அழைத்தவர்களில் பாதிப்பேர் வருவார்கள் என்றால் 2,000 பேருக்குச் சொன்னால் போதும், அது நூற்றுக்குப் பத்து. கால்வாசிப் பேர்தான் வருவார்கள் என்றால் 4,000 பேருக்குச் சொல்ல வேண்டும், அது நூற்றுக்கு இருபது. அதே வகுப்பறை, அதே வாத்தியார். ஆனால் உன் பட்டியலில் ஒன்று சிவப்பு, இன்னொன்று மஞ்சள். ஹார்வர்டில் 2023இல் நுழைந்த வகுப்புக்கு ஏறத்தாழ 57,000 பேர் விண்ணப்பித்தார்கள், இடம் கொடுத்தது 2,000க்கும் குறைவு. நூற்றுக்கு மூன்றரைகூட இல்லை. இவ்வளவு கஞ்சத்தனம் அவர்களுக்கு எப்படிக் கட்டுப்படியாகிறது? கூப்பிட்டவர்களில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள், அதனால்தான்.

விண்ணப்ப எண்ணிக்கையும் முழுசாக நம்பத் தகுந்ததில்லை. அங்கே 'காமன் அப்ளிகேஷன்' என்று பொதுப் படிவம் ஒன்று. 1975இல் பதினைந்து கல்லூரிகளோடு தொடங்கியது, இன்று ஆயிரத்துக்கு மேல். ஒரே படிவத்தை வைத்துக்கொண்டு ஒரே பிள்ளை பதினைந்து இடத்துக்குத் தட்டிவிடுகிறது. பாப்பாவே பதினான்கு. பதினான்கு கல்லூரிகளும் அவளைத் தங்கள் கூட்டத்தில் எண்ணிக்கொண்டன, ஆனால் அவள் போகப்போவது ஒன்றுக்குத்தான். கூட்டம் பெருகியது போலத் தெரிவதில் ஒரு பங்கு, ஒரே தலையைப் பல வாசலில் எண்ணுவதுதான்.

இனி உன் பச்சைக் கல்லூரி. பாப்பா கேட்டது கம்ப்யூட்டர் சயின்ஸ். நீ எடுத்து வைத்திருக்கும் 40 மொத்தக் கல்லூரிக்கும் சேர்த்துச் சொன்ன எண். பெரிய பல்கலைக்கழகங்கள் பலவற்றில் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு மட்டும் தனி வாசல், அது ரொம்பக் குறுகல். திருவந்திபுரம் மலையில் முகூர்த்த நாளில் அத்தனை கல்யாணத்தையும் ஒன்றாகச் சேர்த்து, தலைக்கு எத்தனை லட்டு என்று கணக்குப் போட்டது போல நீ போட்டிருக்கிறாய்.

இன்னொரு காரணமும் இருக்கலாம், இது என் ஊகம்தான். நல்ல மார்க் வைத்திருக்கும் பெண் இங்கே வரவா போகிறாள் என்று சில கல்லூரிகள் முன்கூட்டியே கையை விரித்துவிடுவது உண்டாம். வந்து சுற்றிப் பார்த்தாளா, அனுப்பிய மின்னஞ்சலைத் திறந்தாளா என்றுகூடக் குறித்து வைக்கும் கல்லூரிகள் இருக்கின்றன. சிரிக்காதே, நானே செய்திருக்கிறேன். விண்ணப்பம் வாங்க அப்பா வந்தாரா, தரகர் வந்தாரா என்று ஓரத்தில் பென்சிலில் டிக் போடுவேன். அப்பா நேரில் வந்து, ஹாஸ்டல் சாப்பாடு எப்படி என்று கேட்டால் அந்தப் பிள்ளை சேரும். அந்த டிக் எனக்கு அநேகமாகப் பொய்த்ததில்லை.

எங்கள் கல்லூரியில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு 50 இடம். மே மாதம் நிரம்பி வழியும். ஜூலையில் இன்ஜினியரிங் கவுன்சிலிங் தொடங்கினால் நாளுக்கு நாலு பேர் டி.சி. கேட்டு வருவார்கள், ஆகஸ்டில் பெஞ்ச் காலி. இதை நினைத்து ஒரு வருஷம் 75 பேரைச் சேர்த்தோம். அந்த வருஷம் பார்த்து ஒருவரும் அசையவில்லை! லேபில் ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர், பிரின்சிபால் என்னைப் பார்த்த பார்வை இன்னும் முதுகில் இருக்கிறது. அமெரிக்கக்காரன் இந்தச் சிக்கலுக்கு இரண்டு வழி வைத்திருக்கிறான். ஒன்று, 'எர்லி டிசிஷன்'. இடம் கொடுத்தால் கட்டாயம் வருவேன் என்று முன்னாலேயே எழுதிக் கொடுப்பது. அப்படி எடுத்தவர்களில் கிட்டத்தட்ட எல்லோருமே வந்துவிடுவார்கள். சில கல்லூரிகளில் பாதி வகுப்பு அப்படியே நிரம்பிவிடுகிறது, மிச்ச இடத்துக்குத்தான் உன் மகள் மாதிரி மற்ற எல்லோரும் அடித்துக்கொள்கிறார்கள். இரண்டாவது வழிதான் வெயிட்டிங் லிஸ்ட். சேருகிறவர்கள் டெபாசிட் கட்டக் கடைசி நாளான மே 1 தாண்டிய பிறகு இலை எத்தனை விழுந்திருக்கிறது என்று பார்த்துக் கூப்பிடுவார்கள். ரயில் மாதிரி உனக்கு முன்னால் எத்தனை பேர் என்று தெரியாது, பலர் வரிசையே வைப்பதில்லை. அதை நம்பி உட்காராதே.

உன் மெசேஜின் கடைசியில், குரலைத் தாழ்த்தி, "பேசாமல் மஞ்சளிலும் கட்டிவிட்டு இன்னொன்றிலும் டெபாசிட் கட்டிவிடட்டுமா?" என்று கேட்டாயே. வேண்டாம். அங்கே தெரிந்தால் இரண்டு கல்லூரியுமே இடத்தை ரத்து செய்யலாம். இங்கேகூட இந்தத் தலைவலியால்தான், இன்ஜினியரிங் கவுன்சிலிங்கில் ஒதுக்கீடு வாங்கியவர்கள் ஏழு நாளில் பணம் கட்ட வேண்டும் என்று 2022இல் கொண்டுவந்தார்கள். ஆனால் நான் வேண்டாம் என்பது விதிக்காக இல்லை.

இரண்டு இடத்தில் கட்டுகிறவர்களைப் பிடித்து வைக்க அப்போது எங்களிடம் இருந்த ஒரே கருவி ஒரிஜினல் சர்டிஃபிகேட். 2009 என்று நினைவு. நெல்லிக்குப்பத்துப் பெண் ஒருத்திக்குக் கவுன்சிலிங்கில் அரசு இன்ஜினியரிங் கல்லூரி கிடைத்துவிட்டது. அவள் அப்பா கரும்பு வண்டி ஓட்டுகிறவர், டி.சி. கேட்டு வந்தார். மீதி வருஷத்துக் கட்டணத்தையும் கட்டிவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். மேலிடத்து உத்தரவுதான், ஆனால் சொன்ன வாய் என் வாய். காலை பத்து மணியிலிருந்து நாலு மணிவரை அந்த மனுஷர் வேப்பமரத்தடியில் நின்றார், சத்தம்கூடப் போடவில்லை. மறுநாள் பணத்தோடு வந்தார். கூட வந்த பெண்ணின் காதில் முந்தின நாள் பார்த்த தோடு இல்லை. நான் ரசீது போட்டேன்.

இதை உன்னிடம்கூடச் சொன்னதில்லை. அந்த இலைக் கணக்கு சரியாக வர வேண்டும் என்று நான் செய்தது. நீ அங்கே ஒரு இலையை மடித்து வைத்துக்கொண்டால், அந்தப் பக்கத்து ஆபீஸில் என்னை மாதிரி ஒருத்தன் யாரோ ஒரு பிள்ளையின் மேல் அதைச் சரிக்கட்டுவான். அதனால்தான் சொல்கிறேன்.

மஞ்சள் கல்லூரியில் மட்டும் கட்டு. மே 1க்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான். உதவித்தொகைக் கடிதத்தை எனக்கு அனுப்பு, எழுத்துப் பெரிதாக இருக்கட்டும், ஒரு கண்தான் தெளிவு. முதல் வருஷத்துக்கு மட்டுமா, நாலு வருஷத்துக்குமா என்று பார்க்க வேண்டும், அங்கேதான் ஏமாற்றுவார்கள். பாப்பாவை ஞாயிறு எனக்குக் கூப்பிடச் சொல். பச்சைக் கல்லூரியை நினைத்து இன்னும் அழுகிறாளா? அவளிடம் நான் பேசிக்கொள்கிறேன், நீ அந்த எக்ஸெலை மட்டும் அழித்துவிடு.

பண்ருட்டிப் பலா வர ஆரம்பித்துவிட்டது. தம்பியிடம் கொடுத்து அம்மாவுக்கு அனுப்புகிறேன்.

உன்,
ராமு

பி.கு. 2018இல் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) திட்டவட்டமாகச் சொல்லிவிட்டது. ஒரிஜினலைப் பிடித்து வைக்கக் கூடாது, சேர்க்கையின் கடைசித் தேதிக்குப் பதினைந்து நாள் முன்னால் விலகினால், சிறு நடைமுறைச் செலவு போக, முழுப் பணமும் திருப்பித் தர வேண்டும் என்று. அந்தச் சுற்றறிக்கையை நோட்டீஸ் போர்டில் ஒட்டியவன் நான்தான். போர்டு கதவுக்குப் பின்னால் இருந்தது.