முழங்கால் வலிக்கு நாற்பது வயதிலேயே மருத்துவம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உடல் பருமனைப் பற்றித் தங்கள் இதழின் மருத்துவப் பக்கத்தில் வெளியான கட்டுரையில் சர்க்கரை நோயும் ரத்தக்கொதிப்பும் மாரடைப்பும் விரிவாகப் பேசப்பட்டிருந்தன. முழங்காலுக்குக் கிடைத்தது ஒரே ஒரு வரிதான். கிராம சுகாதாரச் செவிலியராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற எனக்கு அந்த ஒரு வரி போதவில்லை. சர்க்கரை இருப்பது சோதித்துப் பார்த்தால்தான் தெரியும்; முட்டிவலியோ தரையிலிருந்து எழும்போதெல்லாம் தெரியும். எடை கூடிய பெண்களை அன்றாடம் படுத்துவதும், அவர்கள் முதலில் வாய்விட்டுச் சொல்வதும் அதைத்தான்.

2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதத்தினரும் ஆண்களில் 37 சதவீதத்தினரும் இருக்க வேண்டிய எடையைத் தாண்டியவர்கள். அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் பெண்களின் விகிதம் 30.9 சதவீதமாக இருந்தது. இந்தக் கணக்கிலும் ஒரு குறை உண்டு. பெண்களை 49 வயதோடு விட்டுவிடுகிறார்கள். மாதவிலக்கு நின்று மூட்டுத் தேய்மானம் தலையெடுக்கும் வயதோ பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் வருகிறது.

சமதரையில் நடக்கும்போதே முழங்காலின் மேல் உடல் எடையைப் போல ஏறத்தாழ இரண்டு மூன்று மடங்கு பாரம் இறங்குகிறது; படியேறும்போது இன்னும் கூடுகிறது. முழங்கால் தேய்மானம் உள்ள, எடை கூடியவர்களை நடக்கவிட்டு அளந்து பார்த்த அமெரிக்க ஆய்வொன்று, ஒரு கிலோ எடை குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் மூட்டின் மேல் விழும் பாரம் நான்கு கிலோ குறைகிறது என்று 2005இல் தெரிவித்தது. ஆனாலும் பாரம் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. எடையைத் தாங்காத கைவிரல் மூட்டுகளிலும் பருமனானவர்களுக்குத் தேய்மானம் கூடுதலாக வருகிறது. கொழுப்புத் திசு சும்மா கிடப்பதில்லை என்பதும், மூட்டில் அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருள்களை அது ரத்தத்தில் கலந்துகொண்டே இருக்கிறது என்பதும்தான் இதற்கு மருத்துவர்கள் தரும் விளக்கம். எடை கூடியவர்களுக்கு யூரிக் அமிலம் ஏறிக் கால் பெருவிரல் வீங்கும் கவுட் எனும் வாதமும் எளிதில் வருகிறது. பருத்த உடம்புக்காரருக்கு எலும்பு உறுதியாக இருக்கும் என்று நம் வீடுகளில் சொல்வதையும் முழுதாக நம்புவதற்கில்லை. கணுக்கால் எலும்பு முறிவு அவர்களிடம் அதிகமாகவே காணப்படுகிறது.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. முட்டிவலியோடு புறநோயாளிகள் பிரிவுக்கு வரும் 45 வயதுப் பெண்ணுக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, "ஜவ்வு தேய்ந்திருக்கிறது, எடையைக் குறையுங்கள், தினமும் நடங்கள்" என்று சொல்லி, பத்து நாளைக்கு வலி மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். நடந்தால் வலிக்கிறது என்று வந்தவரை நடக்கச் சொல்வதில் உள்ள முரண் யாருக்கும் உறைப்பதில்லை. அவர் இரண்டு நாள் நடந்து பார்க்கிறார், மூன்றாம் நாள் முட்டி வீங்குகிறது, நடையை நிறுத்துகிறார். நடமாட்டம் குறைந்ததும் தொடைத் தசை மெலிகிறது. முழங்காலைத் தாங்கிப் பிடிக்க வேண்டிய தசையே சோர்ந்துபோனால் பாரம் முழுவதும் மூட்டில்தான் விழும். எடையும் மேலும் இரண்டு கிலோ ஏறியிருக்கும். அடுத்த முறை வரும்போது, "சொன்னபடி செய்யவில்லையா?" என்று அவரையே கடிந்துகொள்கிறோம். இந்தக் கடிதலுக்கு அஞ்சியே மருத்துவமனைப் பக்கம் வராமல் இருந்துவிடும் பெண்கள் எத்தனையோ பேர்.

வராமல் போகிறவர்கள் போகும் இடம் மருந்துக்கடை. அங்கே சிறு காகித உறையில் நான்கைந்து நிறங்களில் ஒரு வேளைக்கு ஒரு செட் என்று மாத்திரை தருவார்கள். விழுங்கிய அன்றே வலி பறந்துவிடும். அந்த செட்டில் பெரும்பாலும் ஸ்டீராய்டு ஒன்று இருக்கும். மாதக்கணக்கில் அதைத் தின்றால் பசி எடுக்கும், முகம் உப்பும், எடை ஏறும், சர்க்கரை கூடும், எலும்பு பலமிழக்கும். சிலருக்கு இடுப்பு மூட்டின் பந்துப் பகுதிக்கு ரத்த ஓட்டம் நின்று அந்த எலும்பே செத்துப்போகும். முட்டிக்காகத் தின்ற மாத்திரை இடுப்பைக் கொண்டுபோவதைக் கண்ணால் கண்டவள் என்பதால் இதை அழுத்தியே எழுதுகிறேன்.

மாற்று வழி இல்லாமல் இல்லை. எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்புக்கு, அதாவது நாம் ஜவ்வு என்று சொல்வதற்கு, ரத்தக் குழாய் கிடையாது. மூட்டு மடங்கி நீளும்போது உள்ளே வந்துபோகும் மூட்டுத் திரவமே அதற்கு ஊட்டம். ஆகவே ஓய்வு மட்டும் மருந்தாகாது. முதலில் செய்ய வேண்டியது உட்கார்ந்தபடியே தொடைத் தசைக்குப் பயிற்சி. நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்து, ஒரு காலை மெல்ல நேராக நீட்டி, பத்து எண்ணும் வரை அப்படியே வைத்திருந்து இறக்க வேண்டும். இப்படி ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை, காலையும் மாலையும். சில வாரங்களில் கால் பழகிய பிறகு, துணிப்பையில் ஒரு கிலோ உப்புப் பொட்டலத்தைப் போட்டுக் கணுக்காலில் மாட்டிக்கொண்டு செய்யலாம். தசைக்குத் தெம்பு வந்த பிறகு நடை தானாகக் கைகூடும்.

எடையையும் பெருமளவு குறைத்தால்தான் பலன் என்றில்லை. அமெரிக்காவின் ஃப்ராமிங்காம் ஊர்ப் பெண்களிடம் நடந்த ஆய்வில், பத்தாண்டுக் காலத்தில் ஏறத்தாழ 5 கிலோ குறைத்தவர்களுக்கு முழங்கால் தேய்மான நோய் வரும் வாய்ப்பு பாதிக்கும் மேலாகக் குறைந்திருந்தது. நாளைக்கு ஐந்து டீ குடிப்பவர் ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சர்க்கரை போட்டுக்கொண்டால், அதிலேயே 40 கிராம் சேர்ந்துவிடுகிறது. சோற்றைக் கைவிடச் சொல்வதற்கு முன் இதில் கைவைக்கலாம். தட்டில் சோறு குறையும் இடத்தில் பயறோ முட்டையோ ஏறாவிட்டால் கொழுப்போடு தசையும் கரைந்துபோகும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வாரம் ஒரு முறை போடும் செமாகுளுடைட் ஊசி எடையோடு முட்டிவலியையும் குறைப்பதாக 2024இல் வெளியான ஆய்வு காட்டியது உண்மைதான். அதை மாதாமாதம் வாங்கக்கூடியவர்களை மனத்தில் வைத்து நான் இந்தக் கடிதத்தை எழுதவில்லை.

அரசு எதுவும் செய்யவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். செயற்கை முழங்கால் மூட்டுக்கு 2017 ஆகஸ்டில் மத்திய அரசு உச்சவரம்பு விலை நிர்ணயித்தது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலும் மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்கு இடம் இருக்கிறது. ஆனால் கடைசிக் கட்டத்துக்குச் செலவழிக்க ஆயத்தமாக இருக்கும் நாம் முதல் கட்டத்துக்கு என்ன வைத்திருக்கிறோம்? 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சை (பிசியோதெரபி) இருக்கிறது. அது படுக்கையிலும் வீட்டிலும் முடங்கியவர்களை நாடிச் செல்வது, நல்ல காரியம். அதே இயன்முறை சிகிச்சையாளர் வாரத்தில் ஒரு நாள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அமர்ந்து, இன்னும் முடங்கிப்போகாத நாற்பது வயதுக்காரர்களின் முட்டியைப் பார்க்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. வீடு வீடாகச் சென்று கொதிப்பும் சர்க்கரையும் பார்க்கும் பெண்கள், "தரையில் உட்கார்ந்து எழ முடிகிறதா?" என்று கூடுதலாக ஒரு கேள்வி கேட்டுக் குறித்துக்கொண்டால், யாரை அனுப்ப வேண்டும் என்பது தெரிந்துவிடும். இதற்குப் புதிய கருவி எதுவும் தேவைப்படாது.

பள்ளிப் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. பருமனான பதின்வயதுப் பையன் முட்டி வலிக்கிறது என்று நொண்டினால், விளையாட்டில் பட்ட அடி என்று எண்ணெய் தேய்த்து விட்டுவிடக் கூடாது. தொடை எலும்பின் தலைப்பகுதி இடுப்பில் நழுவியிருந்தாலும் வலி முட்டியில் தெரியக்கூடும். தாமதித்தால் இடுப்பு மூட்டு நிரந்தரமாகக் கெடும். உடனே இடுப்புக்கும் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும்.

ஒன்று மட்டும் தங்களிடமே கேட்கிறேன். மூட்டுவலித் தைலத்துக்கும் ஏழே நாளில் எடை குறைக்கும் பொடிக்கும் நம் பத்திரிகைகளில் கால் பக்க விளம்பரம் வருகிறது. அதில் பாதி அளவு இடம் ஒதுக்கி, மேலே நான் குறிப்பிட்ட தொடைப் பயிற்சியை ஓர் இயன்முறை சிகிச்சையாளரைக் கொண்டு படத்துடன் தாங்கள் வெளியிட வேண்டும். எழுத்துப் பெரிதாக இருக்கட்டும். வெட்டிச் சுவரில் ஒட்டிக்கொள்ள வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
விருத்தாசலம்.