பழப் பொக்கே பற்றி அம்மா எழுதுவது

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே அப்பா, தம்பி, நான் எல்லோரும் சுகம். மழைதான் இன்னும் விடவில்லை. நீ கொழும்பிலிருந்து அனுப்பிய படத்தைப் பார்த்தேன். உன் கல்யாண ரிசெப்ஷனில் நீ கையில் பிடிக்க, பூவுக்கு நடுவில் பழம் வைத்துக் கட்டிய பொக்கே. அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "சீர்வரிசைத் தட்டையும் பொண்ணே தூக்கிக்கிட்டு வரப்போகுதா?" என்றார். அவரை விடு. நான் இரண்டு தரம் கட்டிப் பார்த்துவிட்டேன். போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

முதல் தரம் உன் படத்தில் இருந்த மாதிரியே கட்டினேன். நுவரெலியா ஸ்ட்ரோபெரி, நன்றாகப் பழுத்த கொய்யா, பேரிக்காய், சுற்றிலும் கார்னேஷன். ராத்திரி பார்க்க அத்தனை அழகு. விடிந்து பார்த்தால் ஸ்ட்ரோபெரியில் கம்பி குத்திய ஓட்டை வழியே சாறு இறங்கி, கைப்பிடியில் சுற்றிய வெள்ளை ரிப்பன் சிவந்து போயிருந்தது. எறும்பு வேறு. அது உன் சேலையில் சொட்டியிருந்தால் என்ன ஆகும்? கார்னேஷனும் இதழைச் சுருட்டிக்கொண்டு தூங்கிவிட்டது. பூக்கடைத் தம்பியிடம் கேட்டேன். பழுக்கிற கொய்யா, பேரிக்காய் எல்லாம் எதிலின் என்று ஒரு வாயு விடுமாம், அது பட்டால் கார்னேஷன் தாங்காதாம். வாழைக்காயைப் பழுக்க வைக்கப் பழத்தோடு மூடி வைப்போமே, அதே சங்கதிதான்.

இரண்டாம் தரம் நானே யோசித்தேன். நெல்லிக்காய், சின்ன ஆரஞ்சுத் தோடம்பழம், கொஞ்சம் திராட்சை. இவை கெட்டியாக நிற்கின்றன, அந்த வாயுவும் அவ்வளவாக விடாதாம். மாத்தளைச் சித்தி பச்சை மிளகுக் கொத்து அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாள். ஓரத்தில் தொங்கவிட்டால் ஜிமிக்கி மாதிரி இருக்கும். எதையும் வெட்டி வைக்கப் போவதில்லை, வெட்டின பழம் கறுத்துவிடும்.

கம்பி குத்தவும் ஒரு பக்குவம் இருக்கிறது. தோடம்பழத்தின் அடிப்பக்கமாகக் குறுக்கே குத்தி, மறுபக்கம் எடுத்து, இரண்டு முனையையும் கீழே வளைத்து முறுக்க வேண்டும். பெரிதாக இருந்தால் சிலுவை மாதிரி இன்னொரு கம்பி. அப்புறம் பச்சை டேப். முதல் தரம் பழத்தைப் பிரிட்ஜில் வைத்து எடுத்துக் கட்டியதில் எல்லாம் வியர்த்து டேப் வழுக்கிவிட்டது. நம் குளிருக்கு பிரிட்ஜ் எதற்கு? முதல் நாள் இரவு கட்டி, தண்ணீர்ச் சட்டிக்கு நடுவில் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து அதன்மேல் வைத்துவிடுவேன். எறும்பு வராது.

தேயிலைக் கொழுந்தும் வைக்கச் சொல்லியிருந்தாய். இத்தனை வருஷம் கொழுந்து எடுத்தவள் சொல்கிறேன், அது வேண்டாம். கொழுந்து வாடத்தான் பிறந்தது. ஃபெக்டரி மாடியில் ஒரு ராத்திரி பரப்பி வைத்தாலே துணி மாதிரி மடங்கும். உன் கைச்சூட்டில் ஃபோட்டோ எடுத்து முடிவதற்குள் தலை தொங்கிவிடும். முற்றின இலை விறைப்பாக நிற்கும், அதை வைக்கிறேன். காடாகிப்போன பழைய மலையில் தேயிலை பூத்துக் காய்த்துக் கிடக்கிறது. வாரா வாரம் கிள்ளுகிற செடியில் பூவை எங்கே பார்த்தோம்! அந்தப் பச்சைக் காய் மூன்று முகத்தோடு உருண்டையாக, கல் மாதிரி இருக்கிறது. தம்பி ஒரு பை நிறையக் கொண்டு வந்தான். படத்தில் இருந்த எந்தப் பழத்தையும் விட எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. நீ வேண்டாம் என்றாலும் நாலு வைப்பேன்.

முதலில் கட்டியதை மளிகைக்கடைத் தராசில் வைத்தேன், ஒன்றே கால் கிலோ. அதைப் பிடித்துக்கொண்டு மாலை முழுக்க நின்றால் மணிக்கட்டு போய்விடும். இரண்டாவது அதில் பாதிதான். இன்னொன்று, கடைசியில் பொக்கேயைத் தூக்கி எறிகிற வழக்கம் இருக்கிறதாமே? எறியாதே. நெல்லிக்காய் யார் மண்டையிலாவது படும்.

என் கல்யாணத்தில் என் கையில் இருந்தது ஒரே ஒரு எலுமிச்சம்பழம். திருஷ்டிக்கென்று உன் அம்மாயி திணித்துவிட்டது. தாலி கட்டி முடியும் வரை அதை விடாமல் பிடித்திருந்ததில் உள்ளங்கையெல்லாம் அந்த வாசம். உன் பொக்கேக்குள்ளும் ஒன்று வைக்கிறேன், வெளியே தெரியாது.

ரிசெப்ஷன் சேலை என்ன நிறம் என்று நீ இன்னும் சொல்லவில்லை. பச்சை என்றால் தோடம்பழத்தைக் கூட்ட வேண்டும். சீக்கிரம் சொல்.

இப்படிக்கு,
அன்புள்ள அம்மா