அரிவாள் செல் நோயாளிகளுக்கு அருகிலேயே சிகிச்சை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கூடலூர் பகுதியில் ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். அரிவாள் செல் ரத்தசோகையுடன் காட்டோரக் கிராமங்களில் வாழும் பழங்குடி மக்களின் நிலையைத் தங்கள் நாளிதழ் வாயிலாக அரசின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

நீலகிரிப் பழங்குடி மக்களிடம் இந்நோய்க்குக் காரணமான மரபுக்கூறு இருப்பது 1952-ஆம் ஆண்டிலேயே பதிவு செய்யப்பட்டுவிட்டது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் அதைப் பெறும் குழந்தைக்கே நோய் வருகிறது. ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவருக்கு அது மலேரியாவின் கடுமையிலிருந்து பாதுகாப்பு அளிப்பதால்தான், தலைமுறைகளாகக் காட்டில் வாழ்ந்த பணியர், குறும்பர், இருளர் போன்ற மக்களிடம் அது நிலைத்திருக்கிறது. ஒரு காலத்தில் காட்டில் உயிர்காத்த கூறே இன்று அவர்களுடைய பிள்ளைகளை வாட்டுகிறது.

குளிர், காய்ச்சல், நீர்ச்சத்துக் குறைவு, கடும் உழைப்பு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று போதும். அரிவாள்போல் வளைந்து விறைத்த சிவப்பணுக்கள் நுண்ணிய ரத்தக் குழாய்களை அடைத்துக்கொள்ள, எலும்புக்குள் தாங்க முடியாத வலி கிளம்பும். ஜூன் முதல் செப்டம்பர் வரை விடாது பெய்யும் எங்கள் மழையில், நனைந்த துணியோடு நாள் முழுவதும் தேயிலை பறித்துக் கூலி வாங்கும் ஒருவருக்கு இவற்றில் எதைத் தவிர்க்க முடியும்? "உடம்பை நனைக்காதே, நிறையத் தண்ணீர் குடி, களைப்படையாதே" என்ற அறிவுரை சரியானதே. ஆனால் ஒரு நாள் கூலியை இழக்க வழியில்லாத வீட்டில் அது நிற்பதில்லை.

என்னிடம் படித்த மாணவி ஒருத்திக்கு ஆடி மாத இரவொன்றில் வலி கண்டது. முழங்கால்களை வயிற்றோடு மடக்கிக்கொண்டு, தாய் கொடுத்த வெந்நீர் ஒத்தடத்துக்கும் அடங்காமல் துடித்தாள். பாதையில் யானைக் கூட்டம் நின்றதால் விடியும்வரை ஜீப் வரவில்லை. காலையில் கொண்டு சேர்த்த மருத்துவமனையில், கால்களில் வீக்கமோ காயமோ இல்லை என்பதால், சாதாரண கால்வலி என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வெளியே தெரியாத வலியை நம்பாத இந்தப் போக்குதான், நோயாளிகள் அடுத்த முறை மருத்துவமனைக்கு வரவே தயங்குவதற்குக் காரணம்.

2047-க்குள் இந்நோயை ஒழிப்பதற்கான தேசிய இயக்கத்தைப் பிரதமர் 2023 ஜூலை 1 அன்று தொடங்கி வைத்தார். மூன்று ஆண்டுகளில் ஏழு கோடிப் பேரைப் பரிசோதிப்பது அதன் இலக்கு. பரிசோதனை அவசியம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆயினும், நோய் உறுதியானவர் மறுநாளிலிருந்து என்ன செய்வார் என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வியாகப் படுகிறது. வலி வரும் தடவைகளைக் குறைக்கும் ஹைட்ராக்சியூரியா என்ற மருந்தைத் தொடர்ந்து உட்கொள்ள வேண்டும். உட்கொள்பவருக்குக் குறிப்பிட்ட இடைவெளியில் ரத்த அணுக்களின் எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும். மண்சரிவால் சாலை துண்டிக்கப்படும் மாதங்களில் இதற்காக அவர்களை நகரத்துக்கு வரச் சொல்வது நியாயமன்று. மழை தொடங்குமுன் மூன்று மாத மருந்தை ஆரம்ப சுகாதார நிலையங்களில் இருப்பு வைத்து, நடமாடும் மருத்துவக் குழுவே கிராமத்துக்குச் சென்று ரத்த மாதிரி எடுத்துவர வேண்டும்.

மேல்சிகிச்சைக்கு உதகைக்கு அனுப்பும்போதும் சற்று யோசிக்க வேண்டும். குளிரால் தூண்டப்படும் நோயுடைய ஒருவரை, வலியோடு, சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊருக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் மலைப்பாதையில் கொண்டு செல்கிறோம். கதகதப்பான போர்வை, நரம்பு வழியே திரவம், போதிய வலிநிவாரணி ஆகியவற்றை அருகிலுள்ள சுகாதார நிலையத்திலேயே கொடுத்த பிறகு அனுப்பினால் அந்தப் பயணத்தின் வேதனை பெரிதும் குறையும்.

காட்டை விட்டு ஊருக்குக் குடியேறுங்கள் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். நிலமும் உறவும் குலதெய்வமும் காட்டில் இருக்க, நோயோடு ஊருக்கு வந்து வாடகை வீட்டில் அவர்கள் எதைக்கொண்டு பிழைப்பார்கள்? 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், கிராம சபையின் பரிந்துரையோடு ஒரு எக்டேருக்கும் குறைவான வன நிலத்தில் மருந்தகம் அமைக்க வழி தந்திருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான 2016-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இந்நோய் இடம்பெற்றிருக்கிறது. ஆனால் வலி இல்லாத நாளில் மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கான மதிப்பீட்டுக்கு வருபவர் நலமாகவே தோன்றுவார் என்பதால், ஆண்டு முழுவதும் அவர் பட்ட பாட்டையும் மருத்துவர்கள் கணக்கில் கொள்ள வேண்டும்.

இரவு நேர அவசரத்துக்கு வனத்துறை வாகனத்தைத் துணைக்கு அனுப்பும் ஏற்பாட்டை, அடுத்த தென்மேற்குப் பருவமழைக்கு முன்பாகவே மாவட்ட நிர்வாகமும் சுகாதாரத் துறையும் கலந்து பேசி எழுத்துப்பூர்வமாக அறிவிக்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
கூடலூர், நீலகிரி மாவட்டம்.