பழைய போர்டைக் கழற்றும் முன்

அன்பு மகனுக்கு,

புதிய மதர்போர்டு வந்துவிட்டது, விண்டோஸை மறுபடி போடாமல் இருக்கிற டிஸ்க்கையே மாட்டிக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக மாட்டலாம். இன்டெலிலிருந்து ஏஎம்டிக்குப் போனாலும் விண்டோஸ் 10, 11 இரண்டும் புதிய வன்பொருளை இயக்க வேண்டிய டிரைவர் மென்பொருள்களைத் தாமே தேடிப் போட்டுக்கொள்ளும். ஆனால் டிஸ்க்கில் இருப்பதாக நாம் நினைக்கும் சில சங்கதிகள் உண்மையில் போர்டோடும் பிராசஸரோடும்தான் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அதனால் பாதி வேலையைப் பழைய போர்டு ஓடும்போதே முடித்துவிட வேண்டும். ஸ்க்ரூடிரைவர் பிறகுதான்.

முதலில் பிட்லாக்கர், டிஸ்க்கில் உள்ளதைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி. நான் அதைப் போடவே இல்லையே என்பாய். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்த பல கணினிகளில் ‘டிவைஸ் என்க்ரிப்ஷன்’ என்ற பெயரில் அது தானாகவே ஓடிக்கொண்டிருக்கும். அதன் சாவி டிபிஎம்மில், அதாவது போர்டிலோ பிராசஸரிலோ உள்ள பாதுகாப்புச் சிப்பில், பூட்டப்பட்டிருக்கிறது. போர்டு மாறினால் நீலத்திரை வந்து 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அது கையில் இல்லையென்றால் டிஸ்க்கில் உள்ளது அத்தனையும் போனதுதான். பயாஸை (போர்டிலேயே உள்ள தொடக்க மென்பொருளை) மட்டும் புதுப்பிக்க, பிட்லாக்கரைத் தற்காலிகமாக ‘சஸ்பெண்ட்’ செய்தால் போதும். போர்டையே மாற்றும்போது முழுவதும் அணைத்து, டிக்ரிப்ஷன் (பூட்டை அவிழ்ப்பது) நூறு சதவீதம் முடியும்வரை காத்திரு. அவசரப்படாதே, பெரிய டிஸ்க்குக்கு மணிக்கணக்கில் ஆகலாம். அணைத்தாலும் மீட்பு எண்ணைத் தாளில் எழுதி வை.

நீ தினமும் தட்டும் பின் நம்பரும் அதே டிபிஎம்மைச் சேர்ந்ததுதான். புதிய போர்டில் அது செல்லாது. இப்போதே ஒருமுறை முழுப் பாஸ்வேர்டு போட்டு உள்ளே நுழைந்து பார். கூடவே அட்மின் உரிமையுள்ள லோக்கல் கணக்கு ஒன்றை உருவாக்கி வை. நெட்வொர்க் டிரைவர் இல்லாமல் நிற்கும் நேரத்தில் அதுதான் மாற்றுச் சாவி.

அடுத்தது விண்டோஸ் உரிமம். கமாண்ட் ப்ராம்ப்டில் ‘எஸ்எல்எம்ஜிஆர்’ என்று ஆங்கிலத்தில் தட்டி, இடைவெளி விட்டு, சாய்கோடும் ‘டிஎல்ஐ’யும் சேர்த்தால் அது ரீட்டெயிலா (தனியே வாங்கியதா) ஓஇஎம்மா (ஒரு கணினிக்கு மட்டும் கட்டுப்பட்டதா) என்று சொல்லிவிடும். ரீட்டெயில் என்றால் உன்னோடு வரும். ஓஇஎம் பழைய போர்டோடு தங்கிவிடும், புதிதாக வாங்க வேண்டியதுதான். ரீட்டெயிலாக இருந்தால் ஆக்டிவேஷன் பக்கத்தில் ‘மைக்ரோசாஃப்ட் கணக்குடன் இணைக்கப்பட்டுள்ளது’ என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறதா பார். இல்லையென்றால் இன்றே இணை. மாற்றிய பிறகு அதே பக்கத்தில் ட்ரபிள்ஷூட்டைத் திறந்து, சமீபத்தில் வன்பொருள் மாற்றினேன் என்பதைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும்.

சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் ‘பயாஸ் மோட்’ என்னவென்று பார். யுஇஎஃப்ஐ என்ற புதிய முறை என்றால் கவலையில்லை. லெகசி என்ற பழைய முறை என்றிருந்தால் டிஸ்க்கும் எம்பிஆர் என்ற பழைய பிரிப்பு முறையில் இருக்கிறது. புதிய போர்டுகள் பலவற்றில் அது பூட் ஆகாது, அதாவது விண்டோஸ் எழும்பாது. விண்டோஸிலேயே உள்ள எம்பிஆர்-டூ-ஜிபிடி கருவியால் தகவல் அழியாமல் புதிய ஜிபிடி முறைக்கு மாற்றலாம், ஆனால் பிரைமரி பார்ட்டிஷன் (டிஸ்க்கின் முதன்மைப் பிரிவு) மூன்றுக்கு மேல் இருந்தால் அது மறுத்துவிடும். அப்படியே டிஸ்க் மேனேஜ்மென்டையும் திற. விண்டோஸைத் தொடங்கிவைக்கும் ‘இஎஃப்ஐ’ என்ற சின்னப் பார்ட்டிஷன் விண்டோஸ் இருக்கும் டிஸ்க்கில்தான் இருக்கிறதா? பலருக்கும் அது ஏதோ ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கில் கிடக்கும். அந்த ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டால் பூட் நின்றுவிடும்.

பழைய பயாஸில் டிஸ்க்குகளை இயக்கும் சாட்டா மோட் ஏஎச்சிஐ என்ற சாதாரண முறையா, பல டிஸ்க்குகளை ஒன்றாக இணைக்கும் ரெய்டா என்று குறித்துக்கொள். இன்டெலின் டிஸ்க் மென்பொருளான ஆர்எஸ்டியிலோ ரெய்டிலோ ஓடிய விண்டோஸ் ஏஎம்டி போர்டில் பூட் டிரைவர் கிடைக்காமல் ‘இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ்’ என்று விழும். இதைத் தவிர்க்க, எம்எஸ்கான்ஃபிக் என்ற விண்டோஸ் கருவியில் சேஃப் பூட்டை (அடிப்படை டிரைவர்களோடு மட்டும் எழும்புவதை) டிக் செய்துவிட்டுக் கணினியை அணை. புதிய போர்டில் முதல் தடவை சேஃப் மோடில் எழும்பும்போது தேவையான டிரைவரை எடுத்துக்கொள்ளும். பிறகு டிக்கை எடுத்துவிடு. ஆனால் இரண்டு டிஸ்க்கைச் சேர்த்து இன்டெல் ரெய்டாகவே வைத்திருந்தால் இந்த உபாயம் எடுபடாது, முழுப் பேக்கப் எடுத்துத்தான் ஆக வேண்டும். எப்படியிருந்தாலும் பேக்கப் எடு. எடுத்த டிஸ்க்கைக் கழற்றித் தனியே வை.

நெட்வொர்க், சிப்செட் டிரைவர்களைப் பென் டிரைவில் போட்டுவிட்டால் கழற்ற ஆரம்பிக்கலாம்.

மாட்டுவதைப் பற்றி உனக்கு அதிகம் சொல்ல வேண்டாம். கேபினெட்டில் போர்டைத் தாங்கும் சின்ன உலோகத் தூண்களான ஸ்டாண்ட்ஆஃப்களை மட்டும் போர்டின் துளைகளோடு ஒப்பிட்டுப் பார். துளை இல்லாத இடத்தில் ஒன்று நின்றாலும் போர்டின் அடியில் ஷார்ட் ஆகும். 24 பின் ஒயரை மாட்டிவிட்டுப் பிராசஸருக்கான 8 பின்னை மறப்பது வழக்கமான தவறு: விசிறி சுற்றும், திரை வராது. பவர் சப்ளையை மாற்றினால் கழற்றி மாட்டும் வகைப் பழைய மாடுலர் ஒயர்களைப் புதியதில் சொருகாதே, பின் வரிசை வேறாக இருந்து டிஸ்க்குகளைக் கருக்கிவிடும். ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட் உள்ள போர்டில் பழைய டிடிஆர்4 ரேம் போகாது. ரேம் இரண்டென்றால் பிராசஸர் பக்கமிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது இடங்கள். சில போர்டுகளில் சின்ன எஸ்எஸ்டியைச் சொருகும் எம்.2 ஸ்லாட் ஒன்று நிறைந்தால் இரண்டு சாட்டா போர்ட்டுகள் செயலிழக்கும். டிஸ்க் காணவில்லை என்று பதறும் முன் மேனுவலைப் பார்.

விண்டோஸ் டிஸ்க்கை மட்டும் மாட்டி முதலில் ஆன் செய். டிடிஆர்5 ரேமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் திரை கறுப்பாகவே இருக்கும், அதற்குள் பவரை அணைத்துவிடாதே. எஃப்டிபிஎம்மை (பிராசஸருக்குள் உள்ள டிபிஎம்மை) ரீசெட் செய்யவா என்று கேட்டால், பிட்லாக்கரை அணைத்துவிட்டதால் தைரியமாக ஒய் அழுத்து. எதிலிருந்து எழும்புவது என்ற பூட் பட்டியல் பழைய போர்டின் நினைவகத்தில் இருந்தது. புதியது பெரும்பாலும் தானே கண்டுபிடிக்கும். இல்லையென்றால் இன்ஸ்டால் பென் டிரைவில் ஏறி, ரிப்பேர் வழியாகக் கமாண்ட் ப்ராம்ப்டுக்குப் போய், இஎஃப்ஐ பார்ட்டிஷனுக்கு ஒரு டிரைவ் எழுத்துக் கொடுத்து, பூட் கோப்புகளை மறுபடி எழுதும் பிசிடிபூட் கட்டளையை ஓட்டு.

லினக்ஸும் வைத்திருக்கிறாய் அல்லவா? அது அநேகமாக முணுமுணுக்காமல் எழும்பும். நெட்வொர்க் கார்டின் பெயர் மட்டும் மாறும், நிலையான ஐபி கொடுத்திருந்தால் திருத்திக்கொள்.

எல்லாம் ஓடிய பிறகு பழைய இன்டெல் மென்பொருள்களை நீக்கி, என்க்ரிப்ஷனை மறுபடி போட்டு, புதிய மீட்பு எண்ணை எழுதி வை. பழைய எண் இனி உதவாது. பழைய போர்டை பிராசஸரோடும் ரேமோடும் அப்படியே ஒரு வாரம் வைத்திரு, யாருக்கும் தூக்கிக் கொடுத்துவிடாதே. எங்காவது நின்றால் போர்டில் எந்தச் சின்ன விளக்கு எரிகிறது என்று படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அம்மா