ஆயுத பூஜைக்கு வீணைக்கு வார்னிஷ் அடிக்காதீர்

ஐயா,

ஆயுத பூஜை நெருங்கினால் தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் வீணை, மிருதங்கம், தவில் எல்லாம் பாலிஷ் பட்டறைக்குக் கிளம்பிவிடுகின்றன. கட்டிலுக்கும் கதவுக்கும் அடிக்கும் அதே பி.யு. (பாலியூரிதேன் என்ற பிளாஸ்டிக் வகை) வார்னிஷை ஸ்பிரேயில் அடித்துப் பளபளவென்று திருப்பித் தருகிறார்கள். சரக்கும் தவறு, மாதமும் தவறு.

மேற்பலகை அதிர்ந்தால்தான் வீணை பேசும். கனமாக ஏறும் பி.யு. அந்த அதிர்வை அமுக்கிவிடும். பின்னால் கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் ஒட்டுப்போடவும் முடியாது. முழுவதும் சுரண்டவேண்டும், பலகையும் சேர்ந்து தேயும். அவலரக்குப் பூச்சில் (கடையில் ஷெல்லாக் என்றால்தான் சட்டென்று புரியும்) இந்தத் தொல்லை இல்லை. புதுப் பூச்சிலுள்ள ஸ்பிரிட் பழைய பூச்சை இளக்கி, இரண்டும் ஒன்றாகிவிடும்.

கால் லிட்டர் பாலிஷ் ஸ்பிரிட்டுக்கு 40 கிராம் அவலரக்கு போதும். கண்ணாடி பாட்டிலில் ஒருநாள் ஊறவைத்து, இடையிடையே குலுக்கி, துணியில் வடிகட்ட வேண்டும். இரும்பு டப்பாவில் வைத்தால் கறுத்துவிடும். ஆறு மாதம் தாண்டிய கலவையை ஒரு சொட்டு கண்ணாடியில் விட்டு, மறுநாள் நகத்தால் அழுத்திப் பாருங்கள். பிசுபிசுத்தால் கொட்டிவிடுங்கள், மரத்தின் மேலும் அது காயாது.

பலா மரத்தை 180, பிறகு 320 எண் உப்புத்தாளால் ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். மினுக்கத்துக்காகத் தேங்காய் எண்ணெய் தடவி வந்த கருவியானால் முதலில் டர்பன்டைன் நனைத்த துணியால் துடைத்து, ஒருநாள் காயவிடுங்கள். எண்ணெய் ஊறிய இடத்தில் பூச்சு ஒட்டாமல் திட்டுத் திட்டாக விலகும். முதல் பூச்சு பிரஷ்ஷில். அடுத்தவை, பஞ்சை உள்ளே வைத்துப் பழைய வேட்டித் துணியால் கட்டிய சிறு மூட்டையில். மூட்டை நனைந்திருக்கலாம், சொட்டக்கூடாது. சுழித்துச் சுழித்து ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் ஒரு நொடி நின்றாலும் அடியிலுள்ள பூச்சு இளகி, துணியோடு பிய்ந்து வரும். பூச்சுக்குப் பூச்சு இரண்டு மணி நேரம் விட்டு நாளுக்கு மூன்று, மொத்தம் எட்டு. ஒரு வாரம் தொடாதீர்கள்.

இனி மாதம். நம் மாவட்டங்களில் மழை வலுப்பதே புரட்டாசி, ஐப்பசியில்தான். ஸ்பிரிட் ஆவியாகும்போது மரத்தின் மேற்பரப்பு குளிரும். காற்றிலுள்ள ஈரம் அங்கே படிந்து பூச்சு பால்போல் வெளுக்கும். ஓசூர்ப் பக்கத்துக் காலைக் குளிரில் கேட்கவே வேண்டாம். வெளுத்துவிட்டால், வெயிலடிக்கும் நாளில் ஸ்பிரிட் தொட்டுப் பிழிந்த துணியால் லேசாக ஓட்டினால் பெரும்பாலும் தெளியும். மாசி, பங்குனியே இதற்கேற்ற காலம். ஆனால் வீணையை வெயிலில் காயவைக்காதீர்கள். மெட்டுகளை, அதாவது தந்திகளுக்கு அடியிலுள்ள உலோகக் குறுக்குக் கட்டைகளை, தாங்கும் மெழுகு இளகி, 24 மெட்டும் இடம் மாறிவிடும்.

தவில், மிருதங்கத்தில் தோல் உட்காரும் விளிம்பில் பூச்சு படக்கூடாது, ஒட்டிக்கொள்ளும். நாகஸ்வரத்துக்கு வார்னிஷே வேண்டாம். துளை விளிம்பில் கனம் ஏறினால் சுருதி புரளும்.

கிருஷ்ணகிரி மாவட்ட அரசு இசைப்பள்ளியில் மாசியில் ஒருநாள் செய்முறைப் பயிற்சி வைத்தால் பாலிஷ் தொழிலாளர்களும் வந்து கற்றுக்கொள்வார்கள். கலை பண்பாட்டுத் துறை கவனிக்க வேண்டும்.

பூஜையன்று ஒன்று. ஈரச் சந்தனத்தைக் கருவியின் மேல் அப்பி ராத்திரி முழுக்க விட்டால், காலையில் வட்டமாக வெள்ளைத் தழும்பு இருக்கும். சானிடைசர் கையும் அதே வேலையைச் செய்யும். பொட்டை உறையின் மேல் வையுங்கள்.

– இசைக்கருவி பழுதுபார்ப்போர்,
காவேரிப்பட்டணம்.