ரேம் கூட்டியும் தீராத கோளாறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை அருகே எடைமேடை நடத்தி வருகிறேன். பொள்ளாச்சிப் பக்கமிருந்து தேங்காயும் எம்-சாண்டும் ஏற்றிவரும் லாரிகளுக்கு இரவு பகலாக எடைச்சீட்டு போடுகிறோம். சென்ற ஆண்டு எடை மென்பொருளின் புதிய பதிப்பை நிறுவிய நாளிலிருந்து கணினி மாலைக்குள் திணறத் தொடங்கியது. ஒவ்வொரு நிரலும் எவ்வளவு நினைவகத்தைப் பிடித்திருக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரில் விடியற்காலையில் 40 எம்பி காட்டிய எடை நிரல், பிற்பகலில் 700 எம்பியைத் தாண்டி நின்றது. மூடித் திறந்தால் சரியாகிவிடும் என்பதால், ஹாரன் அடிக்கும் லாரிகளைக் காக்கவைத்து அதையே தினமும் செய்தோம்.

மென்பொருள் தந்தவர்கள் ரேமை, அதாவது கணினியின் வேலை நினைவகத்தை, கூட்டச் சொன்னார்கள், கூட்டினோம். திணறல் மறுநாளுக்குத் தள்ளிப்போனது, அவ்வளவுதான். இது போன்ற 32 பிட் நிரலுக்கு விண்டோஸ் வழக்கமாக 2 ஜிபி முகவரி இடம்தான் (நிரல் நினைவகமாகப் பயன்படுத்தக்கூடிய அளவு) தரும் என்பதால், எவ்வளவு ரேம் சொருகினாலும் அந்த எல்லையைத் தொட்டதும் அது விழத்தான் செய்யும்.

கோயம்புத்தூரில் மென்பொருள் வேலையிலிருக்கும் என் தங்கை மகன், மென்பொருள் தந்தவர்களின் அனுமதியோடு நிரலை வரிவரியாகப் படித்தும் பிழை அகப்படவில்லை. கோளாறு, அதைக் கம்பைல் செய்த (எழுதிய நிரலைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றிய) விதத்தில் இருந்தது. மேடையில் ஏறிய லாரி ஆடி அடங்கும்வரை வரும் நிலையற்ற எடையை இந்த நிரல் எக்ஸெப்ஷனாக, அதாவது வழக்கமான ஓட்டத்தை நிறுத்தும் விதிவிலக்காக, எறிகிறது. அப்போது நிரலுக்குள் இடையில் உருவான பொருள்களின் டெஸ்ட்ரக்டர்கள் (துப்புரவுப் பகுதிகள்) ஓடி, பிடித்துவைத்த நினைவகத்தை விடுவிக்க வேண்டும். நிரலைக் கம்பைல் செய்யும் விஷுவல் சி++ கம்பைலரில் அதற்கு 'இஎச்எஸ்சி' (/EHsc) என்ற ஆப்ஷன் தேவை. நிரல் எழுதும் விஷுவல் ஸ்டுடியோ மென்பொருளில் புதிதாகத் தொடங்கும் ப்ராஜெக்டில் அது தானாகவே இருக்கும். கட்டளை வரியில் கம்பைல் செய்பவர் தாமே சேர்க்க வேண்டும். புதிய பதிப்பை, கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த பேட்ச் (batch) ஃபைல் வழியாகக் கம்பைல் செய்தவர் சேர்க்கவில்லை. லாரியின் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் 64 கேபி நினைவகம் திரும்பாமல் தங்கியது. பதினாறு ஆட்டத்துக்கு ஒரு எம்பி.

மறதி யாருக்கும் வரும். ஆனால் இந்த ஆப்ஷனைச் சேர்க்கும்படி சி4530 என்ற எச்சரிக்கையைக் கம்பைலர் ஒவ்வொரு முறையும் அச்சிட்டிருக்கிறது. அதை ஒருவரும் படிக்காமல் எங்களிடம் ரேம் வாங்கச் சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை. கூட்டுறவுச் சங்கங்களும் பஞ்சாயத்துகளும் இத்தகைய மென்பொருள் வாங்கும்போது, எச்சரிக்கை ஏதுமின்றிக் கம்பைல் ஆனதற்கான பதிவையும், ஒரு வாரம் நிறுத்தாமல் ஓட்டிக் காட்டுவதையும் ஒப்பந்தத்திலேயே கேட்க வேண்டுகிறேன். அந்த ஆப்ஷனைச் சேர்த்துக் கம்பைல் செய்தபின், எங்கள் மேடையில் இப்போது இரவு பத்து மணிக்கும் 40 எம்பிதான் காட்டுகிறது. ரேமுக்குக் கொடுத்த பணம் மட்டும் திரும்பவில்லை.

இப்படிக்கு,
எடைமேடை உரிமையாளர்,
கொழிஞ்சாம்பாறை